மேடு பள்ளம் படிப்போம்!

மழை யாருக்கும் வஞ்சகம் செய்வதில்லை. மாளிகை என்பதற்காக மிகுதியாகவும், குடிசை என்பதற்காகக் குறைவாகவும் அது பெய்வதில்லை. ஆனால், பெய்த நீர் தரையைத் தொட்ட மறுகணமே மேடு பள்ளம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மேட்டிலே இருப்பவன் சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்குகிறான். பள்ளத்திலே இருப்பவன் பாயைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு விடியும்வரை நிற்கிறான்!

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று மதுரையின் வடகரை இதைக் கண்டது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி வழிந்தது. கோரிப்பாளையத்தை அடுத்த செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. உழைத்துச் சேர்த்த தட்டுமுட்டுச் சாமான்கள் நீரில் ஊறின. கோடை வந்தால் குடங்களை வரிசையில் வைத்துக் குடிநீர் லாரிக்குக் காத்திருப்பவர்களும் இதே மதுரையின் மக்கள்தாம். ஐப்பசியில் வெள்ளம், சித்திரையில் வறட்சி! இயற்கையின் குற்றமா இது? இல்லை, தோழர்களே! நீரின் வழி அறியாமல் ஊரைக் கட்டியதன் பலன் இது. அறியாமையால் வந்த தீமைக்கு அறிவே மருந்து. அந்த அறிவைக் கற்கலாம், கற்பிக்கலாம்.

"இயற்கையோடு இயைந்து வாழ வேண்டும்" என்று இந்நாளில் பேசாதவர் இல்லை. பேசுகிறவர்களில் சிலர் மலையடிவாரத்தில் பத்து ஏக்கர் வாங்கி, வேலி போட்டு, உள்ளே இயற்கையோடு வாழ்கிறார்கள். வேலிக்கு வெளியே நாம் வாழ்கிறோம்! அந்த வாழ்வு நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஒன்றரை அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் சுமை தூக்கும் தோழருக்கும், கொத்தனாருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளருக்கும் இயற்கையோடு இயைந்து வாழ வழி உண்டா? அதுதான் நம் கேள்வி.

ரொட்டிக் கடையிலிருந்து வந்த பாடம்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தாஸ்மானியா என்றொரு தீவு. அங்கே 1928-ல் பிறந்தவர் பில் மோலிசன். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டுக் குடும்பத்தின் ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போனவர். பிறகு சுறா பிடித்தார், கப்பலில் உழைத்தார், காட்டு வேலை பார்த்தார், ஆலையில் பாடுபட்டார், டிராக்டர் ஓட்டினார். பல்கலைக்கழக ஆசிரியராக ஆனது அதற்கெல்லாம் பின்னரே! அவர், டேவிட் ஹோம்கிரன் என்ற இளைஞருடன் சேர்ந்து 1978-ல் ஒரு நூலை வெளியிட்டார். அந்த நூல் உலகுக்குத் தந்த சொல்தான் 'பெர்மாகல்ச்சர்'. நிலைத்த வேளாண்மை என்று நாம் சொல்லலாம்.

காடு எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்று பார்த்து, அந்த முறையிலே வயலையும் வீட்டையும் ஊரையும் வகுத்து அமைப்பதே இந்தக் கல்வி. காட்டுக்கு உரம் போடுவார் இல்லை. நீர் இறைப்பார் இல்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. வேர் நீரைப் பிடித்து வைக்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது. இதன் அறநெறிகள் மூன்று: மண்ணைப் பேணு, மக்களைப் பேணு, மிஞ்சியதைப் பங்கிட்டுக் கொடு. மூன்றாவதை மறைத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் போதிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், தோழர்களே!

1987-ல் மோலிசன் இந்தியாவுக்கு வந்து, இன்றைய தெலுங்கானாவில் இருக்கும் பஸ்தாபூரில் பாடம் நடத்தினார். 2017-ல் இதற்கான உலக மாநாடே ஐதராபாத்தில் கூடியது. முறையான பாடம் 72 மணி நேரம். நம் ஆலைக் கணக்கில் ஒன்பது ஷிப்டு! ஒன்பது ஷிப்டில் கற்கக்கூடிய கல்வி, இன்று பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவருக்கே எட்டுகிறது. எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே நம் வேலை.

மூன்று குச்சியும் ஒரு கல்லும்

இந்தக் கல்வியின் முதல் பாடம், பார்ப்பது. விதைக்கும் முன், வெட்டும் முன், நிலத்தைப் பார். வெயில் எங்கிருந்து விழுகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார். நீரின் வழி கண்ணுக்குத் தப்பும்; அதற்கு ஒரு கருவி உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆள் உயரத்தில் இரண்டு குச்சிகள். கூரைக்குக் கைமரம் கூட்டுவதுபோல் உச்சியில் கட்டுங்கள். நடுவில் குறுக்கே ஒரு குச்சி. உச்சியிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கல். தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். இரண்டு கால்களையும் அதே இடங்களில் இடம் மாற்றி வைத்து, மீண்டும் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடு எதுவோ அதுதான் மட்டம்! இனி அந்தச் சட்டத்தை நிலத்தில் கால் மாற்றி மாற்றி நடத்துங்கள். கயிறு நடுக்கோட்டில் நிற்கும் இடமெல்லாம் ஒரே மட்டம். முளை அடித்துக்கொண்டே போய், முளைகளை இணைத்து வாய்க்கால் வெட்டி, மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் கரையாகப் போடுங்கள். ஓடிவந்த நீர் அங்கே நிற்கும்; பரவும்; மண்ணுக்குள் இறங்கும். கரைமேல் மரம் வளரும்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்த கொத்தனாருக்கு இது புதுப்பாடமா? பாதிப் பாடம் அவர் கையிலேயே இருக்கிறது! செங்கல்லுக்குப் பார்த்த மட்டத்தை மண்ணுக்கும் பார்க்க வேண்டும், அவ்வளவே.

கண்மாய் என்னும் பாடப் புத்தகம்

இதைக் கற்கத் தாஸ்மானியாவுக்குப் போக வேண்டியதில்லை. மதுரைச் சமவெளி முழுவதும் இந்தப் பாடம் மண்ணிலே எழுதப்பட்டுக் கிடக்கிறது. கண்மாய் என்று அதற்குப் பெயர்.

சரிவைப் பார்த்துப் பிறைபோல் கரை கட்டினார்கள். வரத்துக்கால் வழியே நீர் வந்தது. மடை வழியே வயலுக்குப் போனது. நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் சென்றது. அது நிறைந்து அடுத்ததற்கு! கலுங்கு இல்லாத கண்மாய் தன் கரையைத் தானே உடைத்துக்கொள்ளும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நீரும் தந்தது கண்மாய், மீனும் தந்தது, கோடையில் அள்ளிய வண்டலால் வயலுக்கு உரமும் தந்தது, ஊர்க் கிணறுகளையும் ஊற வைத்தது. ஒரு பொருள் பல வேலை செய்ய வேண்டும் என்று பெர்மாகல்ச்சர் சொல்கிறதே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தமிழ்நாட்டில் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் ஏறத்தாழ 39,000.

"பார்த்தீர்களா, பழமையின் பெருமையை!" என்று உடனே பாட்டுப் பாடக் கிளம்புவோர் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை. கண்மாய் வெட்டியவன் மண் சுமந்தான். மடைநீர் நிலம் உள்ளவனுக்குப் போனது. தோண்டிய கைக்குப் பாசன உரிமை இல்லாத காலம் அது. சாதியின் மேடு பள்ளம் கரையின் இருபக்கமும் இருந்தது. ஆகவே, அன்றைய அறிவை எடுத்துக்கொள்வோம்; அன்றைய அநீதியைத் தள்ளுவோம். மிஞ்சியதைப் பங்கிடு என்ற மூன்றாவது நெறி, நம் பழங்கண்மாய்க்கு நாம் புதிதாகச் சேர்க்க வேண்டிய மடை!

இந்தத் தலைமுறை கண்மாயை என்ன செய்தது? சங்கிலியை அறுத்தது. வரத்துக்காலில் வீடு எழுந்தது. மறுகால் ஓடையில் சாக்கடை ஓடியது. சட்டத்தைக் காக்கும் உயர் நீதிமன்றக் கிளையே, 2004-ல், உலகனேரிக் கண்மாய் நிலத்தில்தான் எழுந்தது! செல்லூர்க் கண்மாயின் மிகைநீரை வைகைக்குக் கொண்டு செல்ல வேண்டிய பந்தல்குடிக் கால்வாய் சாக்கடை நீரையும் சேர்த்துச் சுமக்கிறது. நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். நமக்குரிய இடத்தை நீர் எடுத்துக்கொண்டது.

ஆணையால் வராது, அறிவால் வரும்

தமிழ்நாட்டில் இந்தக் கல்வியை ஏழை உழவனிடம் கொண்டு சென்றவர் நம்மாழ்வார். 1938-ல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், வேளாண்மைப் பட்டதாரி. 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி உழவன் வாங்க முடியாத இடுபொருள்களை வைத்து நடத்தும் ஆராய்ச்சியால் அவனுக்கு என்ன பயன் என்று கேட்டார். 1969-ல் அந்த வேலையை விட்டு வெளியேறினார். கரூர் மாவட்டம் கடவூரை அடுத்த சுருமான்பட்டியின் வறண்ட நிலத்தில் 'வானகம்' அமைத்து, இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். 2013 டிசம்பர் 30-ல், மீத்தேன் திட்டத்தை எதிர்த்து மக்களைத் திரட்டும் பணியிலேயே தஞ்சை மண்ணில் மறைந்தார். அவர் உடல் வானகத்தில் விதைக்கப்பட்டது. பயிற்சி இன்றும் தொடர்கிறது.

கற்றுச் செய்வதற்கும் கட்டளையிட்டுச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை உலகம் கண்டிருக்கிறது. 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறிய பின், எண்ணெயும் உரமும் வராமல் கியூபா தவித்தது. ஹவானா நகரத் தொழிலாளர்கள் காலி மனைகளில் மட்கு உரத்தால் காய்கறி வளர்க்கக் கற்றார்கள். அதனால் கியூபாவின் உணவுச் சிக்கல் முழுதும் தீர்ந்துவிடவில்லை. இன்றும் அந்நாடு உணவை இறக்குமதி செய்கிறது. ஆனால், நகரத்தானும் மண்ணைக் கற்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. மறுபுறம் இலங்கையைப் பாருங்கள். 2021-ல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை போட்டது அரசு. உழவனுக்குப் பயிற்சி இல்லை. மாற்று உரம் போதுமான அளவில் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. உழவர்கள் வீதிக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தது. இயற்கையோடு இயைந்து வாழ்வதை ஒரே இரவில் அரசாணையால் கொண்டுவர முடியாது. மண் பழக வேண்டும். மனிதனும் பழக வேண்டும்.

கற்றவன் காக்கவும் செய்வான். அதற்குச் சான்று நம் அரிட்டாபட்டி! ஏழு குன்றுகள், அவற்றில் வடியும் நீரால் 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் பயன்பெறுகின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. ஊர் எழுந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரமாயிரம் உழவர்கள், கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள தல்லாகுளம்வரை அணிவகுத்து வந்தார்கள். அதே ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது! குன்றில் விழும் மழை எந்த ஊற்றாகி எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் தங்கள் இழப்பு இன்னதென்று அறிந்தார்கள். அறிந்ததனால் ஒன்று சேர்ந்தார்கள்.

நம் வேலை என்ன?

அரிட்டாபட்டிக்காரனுக்குத் தெரிந்தது கோரிப்பாளையத்தானுக்குத் தெரிகிறதா? தன் தெருவில் விழும் மழை எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

வீட்டிலிருந்து தொடங்குவோம். மதுரையில் ஓர் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 500 சதுர அடிக் கூரையில் விழுவது சுமார் 39,000 லிட்டர். வீணாவது போக முப்பதாயிரம் நிலத்தில் இறங்கினாலும், நாளுக்கு 80 லிட்டர் என்று கணக்காகிறது! 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் இன்னும் இருக்கிறதா, குழி தூர்ந்துவிட்டதா என்று ஏறிப் பாருங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பாத்திரம் கழுவிய நீர் ஒரு வாழைக்குப் போகட்டும். காய்கறித் தோல் ஒரு பழைய வாளியில் மட்கட்டும். பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு முருங்கைக் கன்று நிற்கட்டும்.

வீட்டோடு நின்றுவிடக் கூடாது. ஒருவன் தனியாகத் தொட்டி வைக்கலாம்; கண்மாயைத் தனியாக மீட்க முடியாது. அது பொதுச் சொத்து. அதற்குப் பொது முயற்சி வேண்டும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, 1990-களிலிருந்து உழவர்களை வயலகங்களாகத் திரட்டிக் கண்மாய்களைச் சீர்செய்து வருகிறது. ஊர்ப்புறத்தில் முடிந்தது நகரத்தில் முடியாதா? ஒவ்வொரு வட்டத்திலும் பத்துத் தோழர்கள் மூன்று குச்சியும் கயிறும் கல்லும் கொண்டு கிளம்புங்கள். வரத்துக்கால் எங்கே இருந்தது, மறுகால் எங்கே அடைபட்டது என்று பெரியவர்களைக் கேட்டுப் படம் வரையுங்கள். அந்தப் படத்தோடு மாநகராட்சியின் கதவைத் தட்டுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் ஏழையின் குடிசையை மட்டும் இடித்துவிட்டுப் பெரிய கட்டடத்தை விட்டுவைக்கும் வேலைக்கு இடம் கொடாதீர்கள். மாற்று வீடு தராமல் ஒருவரையும் கிளப்பக் கூடாது என்பதும் அந்த மனுவில் இருக்கட்டும். மக்களைப் பேணாதவன் மண்ணைப் பேண மாட்டான்.

மன்றத்திலே ஏடு படிக்கிறோம். இரவுப் பள்ளி நடத்துகிறோம். இனி ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மண்ணையும் படிப்போம். 72 வாரத்தில் பாடம் முடிந்துவிடும். அதற்குள் வைகையின் வடகரையில் ஒரு மழைக்காலம் வந்து போகும். அந்த மழையில் பள்ளத்துத் தோழன் பாயைச் சுருட்டாமல் உறங்கும் தெரு ஒன்றே ஒன்றை உண்டாக்கிக் காட்டுவோம். அடுத்த தெரு தானே கற்றுக்கொள்ளும்!