மூடியதைத் திறந்துவிட்டோமா?



இரண்டு பேர் அமர்ந்து பறக்கும் ஒரு சிறு விமானத்தைக் கழுவி மெழுகு பூசுவது நமக்குப் பெரிய வேலையாகத் தோன்றுவதில்லை. கார் கழுவுகிறவர் செய்கிற வேலைதானே, வண்டி கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் என்று எண்ணுவோம். வாளி, தண்ணீர், சோப்பு, துணி. விமானத்தளத்தில் இதைவிட எளிய வேலை இல்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த எளிய வேலையில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அது எப்படி என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்லுகிறேன்.

இழையும் பிசினும்

விமானம் என்றால் அலுமினியத் தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்தது என்பதே பலருடைய எண்ணம். சிறு விமானங்களில் ஒரு பகுதி இப்போது அப்படிச் செய்யப்படுகிறதில்லை. கண்ணாடி இழைத் துணியையோ கரி இழைத் துணியையோ பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் படியவைத்து, இறுகவிடுகிறார்கள். இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே நுரைப்பலகை போன்ற லேசான பொருளை வைப்பதும் உண்டு. நம் கடற்கரைகளில் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே முறை, ஆனால் மிகுந்த நுணுக்கத்தோடு செய்யப்படுகிறது.

1957-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மாணவர்கள் செய்த ‘ஃபீனிக்ஸ்’ என்னும் எஞ்சினில்லா விமானம்தான் கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடர். 1986 டிசம்பரில் ‘வாயேஜர்’ என்ற இழை விமானம் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருளும் நிரப்பாமல், ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. நம் நாட்டிலும் பெங்களூரிலுள்ள என்.ஏ.எல். ஆய்வகம் ‘ஹன்சா’ என்ற இருவர் அமரும் பயிற்சி விமானத்தை இவ்விதமாகவே உருவாக்கியது. ஹன்சா என்றால் அன்னம். அதன் ‘ஹன்சா-3’ விமானம் 2000-ல் அரசின் சான்றிதழ் பெற்று, பறக்கும் பயிற்சிக் கழகங்களுக்குச் சென்றது.

இத்தகைய விமானம் துருப்பிடிக்காது. ஆகவே கவனிப்பு தேவையில்லை என்று எண்ணிவிடக்கூடாது. இதற்கு எதிரிகள் வேறு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பிசினைச் சிறிது சிறிதாக அரிக்கும். மிகுந்த வெப்பம் அதை இளகச் செய்யும். இந்த விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறமாய் இருப்பதன் காரணம் அழகல்ல. கருநிறப் பரப்பு வெயிலில் வெகு அதிகமாய்ச் சூடேறும் என்பதே காரணம். பிசினுக்குக் குடையாக இருப்பது மேலேயுள்ள வர்ணப்பூச்சு. அந்தப் பூச்சுக்குக் குடையாக இருப்பது மெழுகு.

கழுவும் முறை

முதலாவது, விமானத்தை நிழலில் நிறுத்தி, பரப்பு குளிர்ந்தபின் தொடங்கவேண்டும். வெயிலில் கழுவினால் சோப்பு அப்படியே காய்ந்து திட்டாகப் படியும். எஞ்சின் சாவி அணைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றக்கூடாது. கழுவுகிறவர் தம் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடவேண்டும். பெல்ட்டின் கொக்கி ஒன்று போதும், நீளமாய் ஒரு கீறல் விழ.

இரண்டாவது, உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கவே கூடாது. நம் பக்கத்துத் தூசியில் மணல் கலந்திருக்கிறது. அதன்மேல் துணியைத் தேய்ப்பது உப்புக் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமானம். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிடவேண்டும். குழாயில் சாதாரண வேகத்தில் வரும் தண்ணீரே போதும். லாரி கழுவும் பீச்சுக் குழாயைக் கொண்டுவந்தால், கீல்களிலும் இணைப்புகளிலும் தண்ணீர் புகுந்துவிடும். பிறகு மென்மையான சோப்புக் கரைசலும் பருத்தித் துணியும் கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவிவரவேண்டும். அடிவயிற்றுப் பகுதி கடைசியில். அதற்குத் தனித் துணி. அங்கே எண்ணெயும் புகைக்கரியும் படிந்திருக்கும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் ஓடும் எஞ்சினானால் அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். ஆனபடியால் கையுறை அவசியம்.

மூன்றாவது, இறக்கையின் முன்விளிம்பு. பறக்கும்போது பூச்சிகள் மோதி அங்கே ஒட்டிக் காய்ந்திருக்கும். அவை வெறும் அழுக்கு அல்ல. இழை விமானத்தின் இறக்கை மிக வழுவழுப்பானது. காற்று அதன்மேல் மெல்லிய ஏடாகக் குலையாமல் வழுக்கிச் செல்லும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பூச்சியின் உடல் போதும், அந்த ஏட்டைக் கலைத்துவிட. கிளைடர் ஓட்டுகிறவர்கள் பறந்துகொண்டிருக்கும்போதே நூல் கட்டிய சிறு துடைப்பானை இறக்கை நெடுக ஓடவிட்டுப் பூச்சிகளை அகற்றுவதுண்டு. நாம் தரையில் செய்யவேண்டியது, ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டுத் துடைப்பதுதான். பிளேடோ, பாத்திரம் தேய்க்கும் நாரோ கூடாது.

நான்காவது, விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டு. அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். வீட்டு ஜன்னலுக்குப் பயன்படுத்தும் அம்மோனியா கலந்த திரவம், பெட்ரோல், தின்னர், அசிட்டோன் இவற்றில் எது பட்டாலும் அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். மாலை வெயிலுக்கு எதிரே பறக்கும்போது அந்த வெடிப்புகள் விமானியின் கண்ணை மறைத்துவிடும். தண்ணீர் ஊற்றி, முதலில் வெறுங்கையால் தடவவேண்டும். துணிக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். அதன்பின் சுத்தமான மிருதுவான துணியால் நேர்க்கோட்டில் துடைக்கவேண்டும், வட்டமாக அல்ல.

பழைய வர்ணத்தை நீக்கும் திரவங்களை இழை விமானத்தின் பக்கமே கொண்டுவரலாகாது. அலுமினியத்தில் அவை வர்ணத்தை மட்டும் கரைக்கும். இங்கேயோ வர்ணத்தோடு பிசினையும் கரைத்துவிடும்.

மெழுகு பூசுதல்

நன்றாய் உலர்ந்தபின் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னூபா மெழுகு இதற்கு நெடுநாளாய்ப் பயன்பட்டு வருகிறது. சிலிக்கோன் கலந்த மெழுகைத் தவிர்ப்பது நலம். அது மளமளவென்று பளபளக்கும். ஆனால் சிறு வெடிப்புகளில் தங்கிவிட்டால், பின்னொரு நாள் அந்த இடத்தைப் பழுதுபார்க்கும்போது புதுப் பிசினும் ஒட்டாது, வர்ணமும் ஒட்டாது. மெல்லிதாய்ப் பூசி, ஆறவிட்டு, கையாலேயே மெருகேற்றவேண்டும். மின்சார இயந்திரத்தை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி வர்ணம் போய்விடும்.

மெழுகு படக்கூடாத இடங்களும் உண்டு. சில விமானங்களில் பனி படியாதிருக்க, இறக்கையின் முன்விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியாகத் திரவம் கசியும்படி செய்திருக்கிறார்கள். மெழுகு அந்தத் துளைகளை அடைத்துவிடும். அவ்வாறே இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகைகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, பலகையின் எடைச் சமன் கெடும். வேகமாய்ப் பறக்கும்போது அப்பலகை படபடவென அதிரத் தொடங்கினால், விமானமே உடைந்துபோகக்கூடும்.

கை கண்டதைச் சொல்லவேண்டும்

அலுமினியத்தில் ஏணி இடித்தால் நெளிவு தெரியும். இழைப் பொருளின் சுபாவம் வேறு. இடி வாங்கிய இடம் மீண்டும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். பழுதுபார்ப்பவர் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும். பிரிந்த இடம் ‘டப்’ என்று மந்தமாக ஒலிக்கும். சந்தையில் பானை வாங்கும் தாய்மார்கள் தட்டிப் பார்ப்பது போலத்தான்.

அந்த விமானத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொடுகிறவர் யார்? விமானி அல்ல, கழுவுகிறவரே. ஆகவே மயிரிழை வெடிப்போ, சிறு புடைப்போ கைக்குத் தட்டுப்பட்டால் அவர் உடனே சொல்லவேண்டும். தம்முடைய வாளியோ ஏணியோ இடித்துவிட்டது என்றால் அதையும் சொல்லவேண்டும். அடையாளத்தைத் துடைத்துவிட்டு மௌனமாயிருப்பது எளிது. ஆனால் அவர் துடைத்தது அழுக்கையல்ல, மற்றவர்களுக்குக் கிடைக்கவேண்டிய எச்சரிப்பை. சொன்னவரைக் கடிந்துகொள்ளும் மேலதிகாரி இருந்தால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். அந்தப் பொறுப்பு மேலதிகாரியைச் சேரும்.

இரண்டு விபத்துகள்

இனி முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். விமானம் எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு உயரத்திலும் பறக்கிறது என்பதைக் காட்டும் கருவிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டே வேலை செய்கின்றன. எதிர்க்காற்றை வாங்க ‘பிட்டாட் குழாய்’ என்ற சிறு குழாயும், சாதாரண அழுத்தத்தை உணர உடலின் பக்கவாட்டில் ‘ஸ்டாட்டிக் துளை’ எனப்படும் சிறு துளைகளும் உண்டு. சிறு விமானமானாலும் பெரிய விமானமானாலும் இதுவே ஏற்பாடு. கழுவும்போது இவற்றில் தண்ணீரோ மெழுகோ போகாதபடி மூடவேண்டும்.

1996-ஆம் ஆண்டு இதைப்பற்றி உலகத்துக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பர்கென் ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். பல நாட்கள் நின்றிருந்த அந்த விமானத்தின் பிட்டாட் குழாய்க்கு உறை போடப்படவில்லை. அதற்குள் குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என்பது விசாரணையாளர்களின் கருத்து. வேகம் காட்டும் கருவி பொய் சொன்னது.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று நள்ளிரவுக்குப் பின், பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து ஏரோபெரு 603 விமானம் எழும்பியது. அதுவும் போயிங் 757. அதைக் கழுவி மெருகேற்றியவர்கள் ஸ்டாட்டிக் துளைகளை ஒட்டு நாடாவால் மூடியிருந்தார்கள். அது சரியான காரியம்தான். ஆனால் வேலை முடிந்தபின் அதை எடுக்கவில்லை. வெள்ளி நிற நாடா, வெள்ளி நிற உடல்; சரிபார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. இருளில் கடலின்மேல், வேகமும் உயரமும் காட்டும் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாய்ப் பேசின. விமானிகள் தரையிலிருந்தவர்களிடம் உயரம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன எண்ணும் அதே விமானத்தின் கருவியிலிருந்து போன எண்ணே. விமானம் பசிபிக் கடலில் மோதி, அதிலிருந்த 70 பேரும் மாண்டார்கள்.

ஒன்றிலே மூடவேண்டியதை மூடவில்லை. மற்றொன்றிலே மூடியதைத் திறக்கவில்லை. இரண்டுமே பெரிய உலோக விமானங்கள்தான். ஆயினும் ஹன்சாவைப் போன்ற சிறு விமானத்தைக் கழுவுகிறவருக்கும் இதே பாடம்.

ஆகவே நல்ல விமானத்தளங்களில் கண்ட நாடாவையும் ஒட்டுகிறதில்லை. தூரத்திலிருந்தே தெரியும்படி நீளமான சிவப்புப் பட்டை தொங்கும் உறைகளைப் போடுகிறார்கள். எத்தனை உறை போட்டோம் என்று எழுதிவைத்து, வேலை முடிந்ததும் எண்ணி எடுக்கிறார்கள். நம் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை அறையிலும் தையல் போடுமுன் செவிலியர் பஞ்சுத் துணிகளை எண்ணுவதை நீங்கள் அறிவீர்கள். எண்ணிக்கை சரியாக வரும்வரை மருத்துவரும் காத்திருப்பார். கழுவினவர் எண்ணியபின் வேறொருவரும் சுற்றிவந்து பார்க்கவேண்டும். கடைசியாக விமானியும் தம் கண்ணால் துளைகளைப் பார்க்கவேண்டும்.

மெழுகு பூசி முடிந்த விமானத்தில் நம் முகம் தெரியும். அது மகிழ்ச்சிதான். ஆனால் அதைப் பார்த்துத் திருப்தியடையுமுன், கழுவினவர் கையிலே உறைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போட்டது ஐந்தானால் கையிலும் ஐந்து இருக்கவேண்டும். நான்குதான் இருக்கிறதென்றால், எவ்வளவு பளபளத்தாலும் அந்த வேலை இன்னும் முடியவில்லை.