நம் வீட்டில் பிறக்கும் வீரர்கள்

கற்பனை இறைவன் நமக்கு அளித்த அரிய கொடை. குழந்தைகள் அதைத் தாராளமாகச் செலவிடுகிறார்கள். பெரியவர்களோ பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். விடுமுறை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து அக்கொடையைப் பயன்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. சித்திரக் கதைகளில் வரும் அதிசய வீரர்களைப் போல, நம் வீட்டுக்கென்றே ஒரு வீரரையோ வீராங்கனையையோ உருவாக்குவதே அது. விளையாட்டாகத் தோன்றும் இம்முயற்சி, பிள்ளைகளின் உள்ளத்தைப் பெற்றோர் அறிந்துகொள்ளவும் துணை செய்கிறது.

அதிசய வீரர்களைப் படைத்தவர்கள் எல்லாரும் பெரும் மேதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு பள்ளித் தோழர்கள் இருந்தனர். ஒருவர் கதை எழுதுவார்; மற்றவர் படம் வரைவார். 1932-ஆம் ஆண்டில் சீகலின் தந்தை, தம் துணிக்கடையில் திருடர்கள் புகுந்தபோது மாரடைப்பால் உயிர் நீத்தார். அவ்விரு இளைஞர்களும் சேர்ந்து படைத்த சூப்பர்மேன் 1938-இல் அச்சேறினான். துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடலும், துன்புறுவோரைக் காக்க ஓடிவரும் உள்ளமும் உடையவன் அவன். தந்தையை இழந்த மகனின் மனத்தில் இத்தகைய வீரன் தோன்றியதில் வியப்பில்லை என்று எழுதியோர் பலர்.

நம் வீட்டு வீரரை எப்படி உருவாக்குவது? மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் போதும்.

முதலாவது, அவரால் என்ன செய்ய முடியும்? ஒரே ஓர் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பறக்கவும் மறையவும் மலையைத் தூக்கவும் ஒருவருக்கே தெரிந்துவிட்டால் கதை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். எறும்புகளின் பேச்சைக் கேட்கும் காது, தொட்டால் கிணற்றில் நீர் ஊறச் செய்யும் விரல் போன்ற சிறிய ஆற்றல்களே சுவையான கதைகளைத் தரும்.

இரண்டாவது, அவரால் என்ன செய்ய முடியாது? முதல் கேள்வியைவிட முக்கியமானது இதுவே. 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் வாயிலாகத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான இரும்புக்கை மாயாவியை உங்கள் தாத்தாவும் அப்பாவும் நன்கு அறிவார்கள். 1962-இல் இங்கிலாந்தின் வார இதழ் ஒன்றில் பிறந்த பாத்திரம் அது. மின்சாரம் பாய்ந்தால் அவருடைய உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை எதிரியின் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பதைப்பே பிள்ளைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்க வைத்தது. விவிலியத்திலும் சிம்சோனின் வலிமை அவருடைய தலைமுடியோடு போயிற்று. தாவீது சிறுவன், சவுலின் போர்க்கவசத்தை அணிந்து நடக்கவும் இயலாமல் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடையில் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு கோலியாத்தை எதிர்கொண்டார். குறை உடையவரும் நன்மை செய்யலாம் என்பதைப் பிள்ளைகள் இங்கே தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, அவர் தம் ஆற்றலை யாருக்காகப் பயன்படுத்துவார்? நம் ஆண்டவர் பாலைவனத்தில் பசித்திருந்தபோது, கல்லை அப்பமாக்கும்படி சாத்தான் சோதித்தான். தம் பசிக்காக அதைச் செய்ய அவர் மறுத்தார். அவரே பின்னர் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு பெருந்திரளான மக்களின் பசியைத் தீர்த்தார். ஆற்றல் பிறர்க்கு உரியது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இனிச் செய்முறையைப் பார்ப்போம். விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. பழைய நோட்டுப் புத்தகங்களில் எழுதாமல் விட்ட தாள்கள், நாள்காட்டியின் பின்பக்கம், வண்ணப் பென்சில்கள், ஊசி நூல் இவையே போதும். சிறுவர்கள் படம் வரையட்டும். எழுதத் தெரிந்த அக்கா கதையை எழுதட்டும். பாட்டி தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுக்கட்டும். அப்பா வில்லனாகக் குரல் கொடுக்கட்டும். ஆனால் கதையின் போக்கை முடிவு செய்யும் உரிமை பிள்ளைகளுக்கே இருக்க வேண்டும். “இப்படி நடக்குமா?” என்று கேலி செய்வதைவிட, “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்பதே பெற்றோருக்கு அழகு.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நேரே சொல்லத் தயங்குவதைக் குழந்தை கதையில் சொல்லிவிடும். இருட்டைக் கண்டு அஞ்சும் பிள்ளை, கண்ணில் விளக்கு எரியும் வீராங்கனையைப் படைக்கலாம். பேருந்தில் பெரிய பிள்ளைகளின் தொல்லைக்கு ஆளாகும் சிறுமி, அதே பேருந்தில் ஏறிவரும் காவலனைக் கேட்கலாம். எல்லாப் பூதத்துக்கும் உட்பொருள் தேடிக் குழந்தையைக் குடைய வேண்டியதில்லை. எனினும் ஒரே வில்லன் மீண்டும் மீண்டும் வந்தால், கதை முடிந்தபின் அருகில் அமர்ந்து, “உனக்கும் இப்படி யாராவது தொல்லை கொடுக்கிறார்களா?” என்று மெல்லக் கேளுங்கள். உண்மையென்று தெரிந்தால் ஆசிரியையிடம் சொல்லித் தீர்வு காண்பது பெரியவர்களின் கடமை. அதைக் கற்பனை வீரரிடம் விட்டுவிடலாகாது.

மற்றொரு நன்மையும் உண்டு. 1997-இல் சக்திமான் தொடர் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில குழந்தைகள் ஆபத்தான செயல்களில் இறங்கியதாக அக்காலத்தில் செய்திகள் வந்தன. தன் கையாலேயே வீரரை வரைந்து, அவருக்கு உடையும் பெயரும் கொடுத்த பிள்ளைக்கு அவர் தாளில் வாழ்பவர் என்பது தெளிவாகத் தெரியும். எனினும் மாடியிலிருந்து குதிப்பதும் தீயோடு விளையாடுவதும் கூடாது என்பதை விளையாட்டின் முதல் விதியாகப் பெற்றோர் சொல்லிவிட வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வீரம் என்றால் ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று நினைத்துவிடாதீர்கள். 1941-ஆம் ஆண்டிலேயே வில்லியம் மார்ஸ்டன் என்னும் உளவியல் அறிஞர் வொண்டர் உமன் என்ற வீராங்கனையைப் படைத்தார். அவளிடம் உள்ள மந்திரக் கயிற்றில் அகப்பட்டவர் பொய் பேச இயலாது. உயிரைப் பறிக்காமல் உண்மையை வெளிக்கொணரும் ஆயுதம் எத்துணை உயர்ந்தது!

வரும் கோடை விடுமுறையில் தம்பி தங்கையரை அழைத்து அமருங்கள். அவர்கள் உருவாக்கும் வீரருக்கு அவர்களையே பெயர் சூட்டச் சொல்லுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் உழைத்த அனைவரின் பெயரையும் நாளையும் குறித்துப் பத்திரமாக வையுங்கள். கதையில் அந்த வீரர் செய்த உதவிகளுள் உங்களாலும் செய்யக்கூடியது ஒன்று நிச்சயம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதாகவும் இருக்கலாம். வகுப்பில் தனித்து நிற்கும் தோழியோடு சேர்ந்து உண்பதாகவும் இருக்கலாம். அதை மறுநாளே செய்துவிடுங்கள். இறைவன் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!