கரும்புக்குக் கொடுக்கும் காசு

தைப் பொங்கல் நெருங்கினால் குன்றக்குடியிலும் ரேஷன் கடைப் பேச்சுதான். பேச்சு பெரும்பாலும் அரசின் பொங்கல் பரிசில் வரும் ரொக்கத்தைச் சுற்றியே ஓடும்: 2021-ல் 2,500 ரூபாய், 2023-ல் 1,000, 2025-ல் ரொக்கமே இல்லை. பச்சரிசி, சர்க்கரையோடு வரும் முழுக்கரும்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்கு அந்தக் கரும்புதான் உயிர் என்பேன்.

பன்னீர்க் கரும்பு கடித்துத் தின்கிற கரும்பு. சர்க்கரை ஆலைக்குப் போவதில்லை. ஏறக்குறைய பத்து மாதம் தண்ணீர் பாய்ச்சி, சோகை உரித்து, சாயாமல் கட்டி வளர்த்தாலும் விற்பனை என்னவோ மார்கழிக் கடைசியில் சில நாள்தான். மாட்டுப் பொங்கல் கழிந்தால் கேட்பாரில்லை. அரசு வாங்குமா, வாங்காதா என்பதில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே தொங்குகிறது.

2023 பொங்கல் பரிசுக்கான முதல் அறிவிப்பில் கரும்பு இல்லை. அரசை நம்பி நட்டவர்கள் போராடினார்கள். 2022 டிசம்பர் கடைசியில் கரும்பு சேர்ந்தது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை அடக்கம் ஒரு கரும்புக்கு அதிகபட்சம் 33 ரூபாய், சுமார் 2.19 கோடி அட்டைகளுக்கு 72 கோடி ரூபாய். இடையில் தரகர் புகுந்தால் அந்த 33-ல் வயலுக்குப் போய்ச் சேருவது சுருங்கிவிடும். கொள்முதலில் கண் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

பண்டிகைச் செலவை உழைப்பவரின் கூலியாக்கும் யோசனை புதிதல்ல. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்கு உடுப்பு, நெசவாளிக்குத் தறிவேலை என இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது. உள்ளூர்க் கைகளுக்கு உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்று குன்றக்குடியில் கூட்டுறவுச் சங்கங்களும் சிறுதொழில்களும் கொண்டுவந்தவர் இவ்வூர் மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் (1925–1995). அவருடைய அந்தக் கிராம வளர்ச்சி முயற்சி மத்தியத் திட்டக்குழு வரை பேசப்பட்டது.

பண்டிகைச் செலவை உள்ளூர் உழைப்பாளிக்கே சேர்க்க, குன்றக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு வழி எளிது. பொங்கல் பானைக்கு மானாமதுரை மண்பாண்டம் இருக்கிறது. புதுச்சேலைக்குக் காரைக்குடிக் கண்டாங்கி இருக்கிறது. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனாலும் தள்ளுபடிப் பலகை தொங்கும் கடைக்குத்தான் கூட்டம் போகிறது.

இந்தத் தைக்குப் பானையை மண்ணில் வாங்குங்கள். சாலையோரம் கரும்புக் கட்டைச் சாய்த்து வைத்திருப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.