வீட்டு வேலையைக் கண்டு மலைப்பது ஏன்?

பரண் கொள்ளாத பழைய பாத்திரங்கள், கைப்பிடி உடைந்த வாளி, ஓடாத மின்விசிறி, தைக்க எடுத்து வைத்த துணி மூட்டை, பாதி வெள்ளையடித்த சுவர். இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பஞ்சாலை வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் இவற்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சரிசெய்ய அவருக்கு ஆசைதான். ஆயினும் எதையும் தொடாமல் மலைத்துப்போய் உட்கார்ந்து விடுகிறார். இது சோம்பலா? அன்று. நம் மூளை இயங்கும் முறையே இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மூளையின் சிறிய மேசை

மனக்கணக்குப் போடும்போது எண்களைச் சற்று நேரம் நினைவில் நிறுத்துகிறோம் அல்லவா? அந்த ஆற்றலுக்குச் ‘செயல்நினைவு’ என்று பெயர். அது ஒரு சிறிய மேசை போன்றது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு செய்திகளுக்கே அதில் இடமுண்டு என நெல்சன் கோவன் என்ற உளவியலறிஞர் 2001-இல் எடுத்துக்காட்டினார். இருபது வேலைகளை ஒன்றாக நினைத்தால் அந்த மேசை என்ன ஆகும்?

கண்ணுக்கும் இதே நெருக்கடிதான். பார்வையில் பல பொருள்கள் ஒருங்கே படும்போது, மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வேண்டியதில் மட்டும் கவனத்தை நிறுத்த மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

பாதியில் நின்ற வேலை

பாதியில் நின்ற வேலைகள் முடிந்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இம்முடிவு கிடைக்கவில்லை. ஆனால் விட்ட வேலையை மீண்டும் எடுத்து முடிக்க மனம் இழுக்கிறது என்பது உறுதிப்பட்டிருக்கிறது.

இந்த இழுப்பைத் தணிக்க வேலையை முடித்தே தீர வேண்டுமா? வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டாலே முடியாத வேலை பற்றிய எண்ணங்களின் தொல்லை குறைவதை மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் கண்டனர்.

ஆலையில் ஒரு பாடம்

நூற்பாலையில் ‘சைடர்’ வேலை பார்ப்பவரைக் கவனியுங்கள். அவர் பொறுப்பில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழல்கின்றன. எங்கெங்கோ நூல் அறுகிறது. அறுந்த இடத்திற்கெல்லாம் அவர் அங்குமிங்கும் ஓடுவதில்லை. ஒரு வழியாக வரிசையாக நடந்து, எதிர்ப்பட்ட இழையை இணைத்துக்கொண்டே போகிறார். ஒரே கதிரில் நூல் மீண்டும் மீண்டும் அறுந்தால் அதைப் பழுது பார்ப்பது ஃபிட்டரின் வேலை. இம்முறை வீட்டிற்கும் பொருந்தும்.

1. மனத்தில் உள்ள வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மூளையின் மேசை காலியாகும்.

2. ஒவ்வொன்றுக்கும் நாள் குறியுங்கள். ‘பரணைச் சுத்தம் செய்வது’ என்று எழுதாதீர்கள். ‘ஞாயிறு காலை, பரணின் இடது மூலை’ என்று எழுதுங்கள்.

3. உங்களால் முடியாததை எலெக்ட்ரீஷியனிடமோ கொத்தனாரிடமோ விட்டுவிடுங்கள். செய்யப்போவதில்லை என்று தெரிந்ததைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

4. பயன்படாத பொருளைப் போகி வரை சேர்த்து வைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கையும் டயரையும் எரித்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும். பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள்.

யாருடைய சுமை?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களைச் சாக்ஸ்பி, ரெபெட்டி என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். கார்ட்டிசால் என்பது மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோன். காலையில் மிகுந்து மாலைக்குள் நன்றாகக் குறைவது அதன் இயல்பு. வீடு அலங்கோலமாகவும் வேலைகள் அரைகுறையாகவும் கிடப்பதாகக் கூறிய மனைவியரிடம் அது போதிய அளவு குறையவில்லை. கணவன்மாரிடம் இந்தத் தொடர்பு காணப்படவில்லை. வீட்டுப் பொறுப்பு யார் தலையில் ஏறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாணவர்களே, அந்தப் பட்டியலை அம்மா மட்டும் எழுத வேண்டியதில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒருவர் பெயரைக் குறியுங்கள். அப்படிச் செய்த பிறகும் மலைப்பு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டால் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.