மூளைக்கும் ஒரு பாங்கி!

பணம் போட்டு வைக்கப் பாங்கி உண்டு. ரத்தத்துக்குப் பாங்கி உண்டு. கண்ணுக்கும் பாங்கி உண்டு. மனித மூளையைப் பாதுகாத்து வைக்கும் பாங்கியும் இருக்கிறது. அது எங்கோ வெளிநாட்டில் இல்லை. சேலம், கிருஷ்ணகிரி பஸ்கள் வந்து போகும் பெங்களூர் ஓசூர் ரோட்டில், 'நிம்ஹான்ஸ்' ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. 1995-ம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. இதை முன்நின்று உருவாக்கியவர் டாக்டர் எஸ்.கே.சங்கர்.

கண்ணைத் தானம் செய்தால், பார்வை இல்லாத ஒருவருக்குப் பார்வை கிடைக்கும். ஆனால் ஒருவர் மூளையை எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியாது. அப்படியானால் அதைச் சேமித்து என்ன பயன்?

பிணவறையில் பிறந்த மருந்து

கை நடுங்கும், கால் எழும்பாது, முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகிப் போகும். இதுதான் 'பார்க்கின்சன்' என்னும் நடுக்கு நோய். இதற்குக் காரணம் தெரியாமல் டாக்டர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியுமா?

வியன்னா நகரில் எரிங்கர், ஹார்னிகிவிச் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளையோடு ஒப்பிட்டார்கள். 'டோபமின்' என்ற ரசாயனப் பொருள், நோயாளிகளின் மூளையில் மிகவும் குறைந்திருந்தது. 1960-ல் இதை வெளியிட்டார்கள்.

மறு ஆண்டே, மூளைக்குள் சென்று டோபமினாக மாறக்கூடிய 'லெவோடோபா' மருந்து நோயாளிகளுக்கு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். அதன் பலன் சில மணி நேரமே நீடித்தது. ஆனால் வழி திறந்து விட்டது. இன்றும் நடுக்கு நோய்க்கு முக்கிய மருந்து அதுதான். அது இறந்தவர்கள் தந்த கொடை.

நல்ல மூளையும் தேவை

நோய் பிடித்த மூளை மட்டும் போதாது. எது மாறியிருக்கிறது என்று அறிய, நோயில்லாத மூளையும் வேண்டும். ஆகவே விபத்தில் இறந்த ஒருவரின் மூளையும் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும்.

மூளையின் ஒரு பகுதி 'பார்மலின்' திரவத்தில் ஊற வைக்கப்படும். இன்னொரு பகுதி பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 80 டிகிரி குளிரில் உறைய வைக்கப்படும். ரத்தமும் முதுகுத்தண்டு நீரும்கூட சேமிக்கப்படும். ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பம் செய்து, அனுமதி பெற்றே இவற்றைப் பெற முடியும். இறந்தவரின் பெயர் வெளியே தெரியாது.

சில மணி நேரம்தான்

இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுக்க வேண்டும். தாமதமானால் ரசாயனங்கள் சிதைந்து விடும். அதற்கு உறவினரின் சம்மதம் அவசியம்.

இங்கேதான் சோதனை. வேலைக்குப் போன மகன் ரோடு விபத்தில் இறந்து விட்டான். தகப்பனார் பிணவறை வாசலில் நிற்கிறார். உடலை ஊருக்குக் கொண்டு போக வேன் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு டாக்டர் வந்து, ''மூளையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா?'' என்று கேட்டால், யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் ஒன்றை அறிய வேண்டும். விபத்தில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை எப்படியும் நடக்கும். மூளையை அப்போதே எடுத்து விடலாம். வெட்டு தலைமுடிக்குள் மறைந்து விடும், முகம் மாறாது. உடல் உறவினரிடமே ஒப்படைக்கப்படும். ஊரில் செய்ய வேண்டிய சடங்குகளுக்குத் தடை இல்லை.

பிணவறை வாசலில் இதை யோசிக்க நேரம் இருக்காது. தன் விருப்பத்தை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே மனைவி மக்களிடம் சொல்லி வைத்தால், கடைசி நேரத்தில் அவர்களுக்குத் தவிப்பு இராது. ஈமச் சடங்கு முடிந்தால் சாம்பலாகிப் போகும் மூளை, நாளை யாரோ ஒரு பெரியவரின் கை நடுக்கத்தை நிறுத்த உதவலாம்.