நாள்பட்ட வலியும் வீட்டாரின் துணையும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியே நாள்பட்ட வலி. கோவை, திருப்பூர் பகுதிகளில் நூற்பாலையிலும் விசைத்தறியிலும் ஆண்டுக்கணக்கில் நின்று உழைத்தவர்களுக்கு இடுப்புவலி புதிதன்று.

இத்தகைய வலியால் வருந்துபவரை, ‘நீங்கள் எழ வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வீட்டார் படுக்க வைப்பது இயல்பு. அன்பினால் செய்வதுதான். ஆயினும் இதிலுள்ள சிக்கலை அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், 1976ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விளக்கினார். முனகும்போது மட்டும் கவனிப்புக் கிடைத்து, நடமாடும்போது எவரும் திரும்பிப் பாராவிட்டால், நோயாளி தம்மை அறியாமலேயே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார். அசைவு குறையக் குறையத் தசைகள் தளர்ந்து, சிறு வேலையும் வலி தருவதாகிறது. இது நடிப்பன்று, வலி உண்மையானதே.

ஆகவே பராமரிப்பவர்கள், ‘வலி எப்படி இருக்கிறது?’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிராமல், மருத்துவர் அனுமதித்த அளவில் மாலையில் அவருடன் சேர்ந்து நடக்கலாம். காய் நறுக்குதல், வரவுசெலவு எழுதுதல் போன்று அவரால் இயன்ற வேலைகளை அவரிடமே விடுங்கள். நோயாளியாகிய நீங்களும் எந்த உதவி வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாதவரை வீட்டாருக்குத் தெரியாது.

வெளியே செல்ல இயலாதோருக்கு, 2021இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கவும்.

கால் திடீரெனச் செயலிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போனாலோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.