பலூன் சுடும் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது?



திருவிழாவுக்குப் போகாதவர் நம்மில் யாராவது உண்டா? தேர், ராட்டினம், பஞ்சு மிட்டாய், அதற்கு அடுத்தபடியாகப் பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள்! ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாம் எல்லோருமே சுட்டிருப்போம். அந்தத் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? போன வருடம் வரை நானும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் அது எங்கள் கடை! தாத்தா ஆரம்பித்தது, இப்போது அப்பா நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள்.

கடையில் இரண்டு துப்பாக்கிகள். அதில் ஒன்றுக்கு வீட்டில் தனி மரியாதை. 'ஜெர்மன் துப்பாக்கி' என்றுதான் அதற்குப் பெயர். பாட்டியின் தோட்டை அடகு வைத்து, ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் தாத்தா வாங்கியது. போன மாசித் திருவிழாவில் அது 'டப்' என்பதற்குப் பதிலாக 'புஸ்' என்றது. குண்டு பலூனில் பட்டுக் கீழே விழுந்தது, பலூன் உடையவில்லை. சுட்டவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து, "மெக்கானிக்கல்தானே படிக்கிற, என்னான்னு பாருப்பா" என்றார். சித்திரை வருவதற்குள் சரி செய்தாக வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று இறுகி விரலைத் தள்ளும். காற்றுத் துப்பாக்கியும் அதேதான். குழலைக் கீழே மடக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் சுருங்கி, கொக்கியில் மாட்டி நிற்கிறது. குழலின் பின்வாயில் ஈயக் குண்டை வைத்து நிமிர்த்துகிறோம். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் அடிக்கிறது. சிலிண்டரில் உள்ள காற்று நொடிக்கும் குறைவான நேரத்தில் நசுங்கி, ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து குண்டைத் தள்ளுகிறது. ஆக, சக்தி முழுவதும் ஸ்பிரிங்கில். அதை வீணாக்காமல் காப்பது பிஸ்டன் தலையில் உள்ள தோல் வாஷர்.

அரை கிராம் குண்டு விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால், நாம் படித்த ½mv² கணக்குப்படி 5.6 ஜூல் வருகிறது. பலூனுக்கு அதிகம், கண்ணுக்கு மிக மிக அதிகம்!

கொஞ்சம் சரித்திரம்

இது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. 1780 வாக்கில் ஜிரண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியா ராணுவமே வைத்திருந்தது. அதில் கட்டைப் பகுதியே காற்றுத் தொட்டி. கையால் பம்ப் அடித்து நிரப்ப வேண்டும். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கொண்ட வகை பின்னால்தான் பரவலானது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி, லிங்கன் ஜெஃப்ரீஸின் அமைப்பை வைத்து 1905 முதல் செய்தது. ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனியின் வணிகப் பெயர்தான் 'டயானா'. அதன் மாடல் 27 உலகெங்கும் பேர் போனது.

முதலில் அடையாளம், பிறகுதான் ரிப்பேர்!

நான் செய்த தவறு இங்கேதான். எங்கள் துப்பாக்கியில் ஒரு பெண் உருவமும் 27 என்ற எண்ணும் இருந்தன. 'ஆஹா, டயானா 27!' என்று முடிவு கட்டி, சேர்த்து வைத்திருந்த பணத்தில் அந்த மாடலுக்கான ஸ்பிரிங்கை வரவழைத்தேன். வந்த ஸ்பிரிங் பிஸ்டனுக்குள் நுழையவே இல்லை. காசு போச்சு!

அதன் பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். பழைய துப்பாக்கி கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியவை இவை:

1. முத்திரை. பி.எஸ்.ஏ. என்றால் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். டயானா என்றால் வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த தேவதை.

2. தேதி. போருக்குப் பிந்தைய ஜெர்மன் டயானாக்கள் பலவற்றில் சிலிண்டரின் பின்பக்கம் மாதமும் வருடமும் பொடி எண்களில் இருக்கும்.

3. பெயர்க் குழப்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டயானாவின் இயந்திரங்களும் பெயரும் பிரிட்டனுக்குப் போயின. மில்ப்ரோ கம்பெனி ஸ்காட்லாந்தில் அதே பெயரில் செய்தது. அதனால் ஜெர்மன்காரர்கள் தங்கள் துப்பாக்கியை அங்கே 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றார்கள். பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

4. விசை. போருக்குப் பிந்தைய ஜெர்மன் 27-ல் பிஸ்டனைப் பிடித்து வைப்பவை மூன்று எஃகு உருண்டைகள். எங்களுடையதில் ஒரு சாதாரணக் கொக்கிதான்.

5. அளவு. வெர்னியரும் திருகு அளவியும் பொய் சொல்லாது. திருகுகள் மில்லிமீட்டரா, அங்குலமா என்று பாருங்கள். எங்களுடையதில் இரண்டும் கலந்து கிடந்தன!

கடைசியாக, சிலிண்டர் மேல் இருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டினேன். கீழே ஆங்கில எழுத்துகள். 'மேட் இன் ஜெர்மனி' என்பதில் 'எம்' எழுத்துக்கு அடுத்து 'ஏ' வர வேண்டும், 'ஈ' இருந்தது. எந்த ஜெர்மன்காரன் தன் நாட்டின் பெயரைத் தப்பாக அடிப்பான்? யாரோ ஒரு பட்டறையில் செய்த நகல். இத்தனை வருடமும் அந்த எழுத்து அங்கேயே இருந்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்தான் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பாவிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லு" என்றார்.

ரிப்பேர்

ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். கிளாம்ப் போடாமல் பின் மூடியைக் கழற்றக் கூடாது. அப்பா ஒரு தடவை கழற்றப் போய், மூடி பறந்து எங்கள் தகரக் கூரையை ஓட்டை போட்டது. நெற்றியில் பட்டிருந்தால்? எங்கள் ஒர்க்‌ஷாப் ஐயாதான் தச்சர்கள் வைத்திருக்கும் நீளக் கிளாம்ப்பைக் காட்டி, மரத்துண்டு வைத்து மெல்லத் தளர்த்தச் சொன்னார்.

உள்ளே ஸ்பிரிங் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தோல் வாஷர் கருகிப் பொடியாகி இருந்தது. காரணம், 'பவர் கூடும்' என்று அப்பா ஓட்டையில் விட்டு வந்த என்ஜின் ஆயில். நசுங்கும் காற்று சூடாகி ஆயிலைப் பற்ற வைக்கும். டீசல் என்ஜின் தத்துவமேதான்! புகை வருவது பலம் அல்ல, வாஷருக்குக் கேடு.

சைக்கிள் பம்ப்பின் தோல் வாஷரை வாங்கி, விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வைத்து, துடைத்து, ஓரத்தைச் சீவி உட்கார வைத்தேன். ஸ்பிரிங் சுற்றும் கடையில் பழைய கம்பியை அளந்தால் 3 மி.மீ. கடைக்காரர், "3.2 போடு தம்பி, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 0.2 மி.மீ. கூடினாலே விறைப்பு சுமார் 29 சதவீதம் கூடிவிடும். ஒரு திருவிழா ராத்திரியில் அப்பா முந்நூறு தடவையாவது குழலை மடக்குகிறார். வலது தோளில் தைலம் தேய்க்காமல் படுப்பதில்லை. "3 மி.மீ.யே போதுங்கண்ணே" என்றேன்.

கடைசிச் சோதனை: குழல் சேரும் இடத்தின் மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட வேண்டும். காகிதம் பறந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்த வாஷரையும் மாற்ற வேண்டும். எனக்குப் பறந்தது. மாற்றினேன். 'டப்'!

மறக்கக் கூடாதவை

குண்டு இல்லாமல் சுடாதீர்கள்; எதிர்த்து நிற்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் சுவரில் மோதும். மடக்கியபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஸ்பிரிங் தளரும். குண்டு போடும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. கொக்கி தவறினால் விரல் போய்விடும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளை அல்லது 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் இருந்தால் உரிமம் தேவை. கிளி, குருவியைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதைவிடப் பாவம்.

சித்திரைத் திருவிழாவில் அந்தத் துப்பாக்கிதான் கடையை நடத்தியது. 'ஜெர்மன் துப்பாக்கி' என்றே இன்றும் கூப்பிடுகிறோம். "தாத்தாகிட்ட மட்டும் சொல்ல வேணாம்ப்பா" என்று அப்பா கேட்டுக்கொண்டார். தாத்தாவால் இந்த மலரைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதிவிட்டேன். நண்பர்களே, எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், சுடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், சிலிண்டர் மேல் இருப்பதைச் சத்தமாக வாசித்துவிடாதீர்கள்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை